மொழி கற்றலும் கலப்பு விளைவுக் கணக்கும்

பிறமொழிச் சொற்களைப் படங்காட்டிக் கற்பித்தல் நன்றோ, தாய்மொழியிற் பொருள்கூறிக் கற்பித்தல் நன்றோ என ஆராயும் ஆசிரியரொருவர், 40 மாணாக்கர்க்கு 10 சொற்களை முதலாம் முறையாலும் வேறு 10 சொற்களை இரண்டாம் முறையாலும் புகட்டிச் சோதிக்கின்றாரென வைத்துக்கொள்வோம். படமுறையில் மதிப்பெண் மிகுந்தது. உடனே அம்முறையே சிறந்ததென்று வகுப்புகளிற் புகுத்தலாகுமோ? அப்பத்துச் சொற்களும் இயல்பாகவே எளியனவாய் வாய்த்திருக்கலாமன்றோ! மாணாக்கருள் கூரியரும் மெலியரும் உண்டென்பதை எவரும் மறவார். சொற்களுக்கும் அவ்வியல்பு உண்டென்பதை ஆராய்ச்சியாளருட் பலர் நெடுங்காலம் மறந்திருந்தமை எமக்கு வியப்பே.

1973-ஆம் ஆண்டில் ஹெர்பர்ட் கிளார்க் என்னும் அமெரிக்க உளநூலறிஞர் இப்பிழையை வன்மையாக எடுத்துக்காட்டினர். அதன்பின் மாணாக்கர்வாரியாக ஒன்றும் சொல்வாரியாக ஒன்றுமாக இரு கணக்கிடுதல் வழக்காயிற்று. 2008-இல் பாயன், டேவிட்சன், பேட்ஸ் ஆகிய மூவரும் எழுதிய கட்டுரை, இரண்டையும் ஒருங்கே அடக்கும் கலப்பு விளைவுக் கணக்கைப் பரவச்செய்தது. இதன்கண் கற்பிக்கும் முறை நிலைத்த விளைவு. மாணாக்கரும் சொற்களும் பெருந்தொகுதியினின்று எடுத்த சிலவாதலின் தற்செயல் விளைவுகள். 800 விடைகளும் சராசரியிற் கரைந்துபோகாமல் தனித்தனியே கணக்கிற் சேரும்.

ஆயினும் சொற்கள் பத்துப் பத்தாகவே நிற்குமாயின், மாணாக்கரை 400 ஆக்கினும் முடிவின் உறுதி ஓரெல்லைக்குமேல் ஏறாது, நீட்டவேண்டுவது சொற்பட்டியலையே.