கழுத்து முறிந்த கோல்கீப்பர்

1956 மே 5. லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் எஃப்.ஏ. கோப்பைக் கால்பந்து இறுதியாட்டம். முதல் டிவிஷன் அணிகளான மான்செஸ்டர் சிட்டியும் பர்மிங்ஹாம் சிட்டியும் மோதுகின்றன. ஆட்டம் முடிய ஏறக்குறைய பதினேழு நிமிடம். மான்செஸ்டர் 3-1 என முன்னிலை. பர்மிங்ஹாம் வீரர் பீட்டர் மர்ஃபி பந்தோடு பாய்ந்து வர, கோல்கீப்பர் பெர்ட் டிராட்மன் அவர் காலடியில் விழுந்து பந்தைப் பிடிக்கிறார். மர்ஃபியின் முழங்கால் அவர் கழுத்தில் மோதுகிறது. கண் இருட்டுகிறது. மாற்று ஆட்டக்காரரை இறக்க அன்றைய விதியில் இடமில்லை. கழுத்தைப் பிடித்தபடியே மிச்ச நேரமும் கோலைக் காத்தார். பர்மிங்ஹாம் அதற்குமேல் கோல் அடிக்கவில்லை. சில நாள் கழித்து எக்ஸ்ரே எடுத்தபோதுதான் கழுத்தெலும்பு முறிந்தது தெரிந்தது. பிழைத்ததே பெரிய விஷயம்!

இந்த டிராட்மன் ஒரு ஜெர்மானியர். உலகப்போரில் ஹிட்லரின் படையில் இருந்து, போர்க்கைதியாக இங்கிலாந்துக்கு வந்தவர். 1949-இல் மான்செஸ்டர் சிட்டி அவரைச் சேர்த்தபோது ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கி எதிர்த்தார்கள். 1956-இலோ, அந்த இறுதியாட்டத்துக்குச் சில நாள் முன்பு, இங்கிலாந்தின் ஆண்டுச் சிறந்த கால்பந்து வீரராக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த விருதைப் பெற்ற முதல் கோல்கீப்பர் அவர்தான். காயம் ஆறி, அதே அணிக்கு 1964 வரை ஆடினார்.