அந்தரத்தில் நிற்கும் காந்தம்

ஒரு கிண்ணத்தில் கரிய வில்லை ஒன்றை வைத்து, அது மூழ்குமளவு திரவ நைட்ரஜனை ஊற்றுகிறார்கள். வெண்புகை எழுகிறது. சற்றுப் பொறுத்து, சிறியதொரு காந்தத்தை அதன்மேல் கொண்டுபோய்க் கையை விட்டால், காந்தம் விழுவதில்லை. அரை விரற்கடை உயரத்தில் அந்தரமாக நிற்கிறது. சுண்டிவிட்டால் சுழலவும் செய்கிறது. செப்பிடு வித்தையோ என்று எண்ணத் தோன்றும்.

ஒத்த துருவங்கள் ஒன்றையொன்று தள்ளும் என்பது பள்ளிப் பாடம். ஆயினும் ஒரு காந்தத்தின்மேல் மற்றொன்றை அவ்வாறு நிறுத்த முயன்றால், மேலுள்ளது கணத்தில் புரண்டு ஒட்டிக்கொள்ளும். வில்லையின்மேல் மட்டும் அது நிலைபெறுவது எங்ஙனம்?

அவ்வில்லை ஒரு மீக்கடத்தி. அதாவது, போதிய அளவு குளிர்ந்தால் மின்தடையை அறவே இழந்துவிடும் பொருள். 1911இல் ஹாலந்து நாட்டு லைடன் நகரில் காமர்லிங் ஆன்னஸ் என்பார் இத்தன்மையைப் பாதரசத்தில் கண்டார். அதற்குப் பூஜ்யத்துக்குக் கீழே 269 டிகிரி சென்டிகிரேடு குளிர் வேண்டியிருந்தது. காந்தம் அருகே வந்ததும் மீக்கடத்தியின் மேற்பரப்பில் மின்னோட்டம் எழுந்து, காந்தப் புலத்தை எதிர்த்துத் தள்ளுகிறது. செம்பிலும் இத்தகைய ஓட்டம் எழும். மின்தடையால் நொடியில் அடங்கிவிடும். இங்கே அது அடங்குவதில்லை. குளிருமுன்பே உட்புகுந்திருந்த புலத்தையும் மீக்கடத்தி வெளியேற்றிவிடும் என்பதை 1933இல் ஜெர்மானியர்களான மைஸ்னரும் ஆக்சன்ஃபெல்டும் காட்டினர். நம் வில்லையிலோ புலம் முழுவதும் வெளியேறுவதில்லை. அதன் சில இழைகள், வேலிமுள்ளில் சிக்கிய நூலைப்போல், வில்லையின் உட்குறைகளில் மாட்டிக்கொள்கின்றன. அதனாலேயே காந்தம் பக்கவாட்டில் நழுவுவதில்லை. வில்லையைத் தலைகீழாகப் பிடித்தால் அதன் கீழே தொங்கவும் செய்யும்.

இவ்வளவுக்கும் விலை, குளிர். இட்ரியம், பேரியம், செம்பு, ஆக்சிஜன் சேர்ந்த இவ்வில்லைப் பொருளின் மீக்கடத்தும் தன்மை 1987இல் வெளிப்பட்டது. காற்றிலிருந்தே பிரித்தெடுக்கும் திரவ நைட்ரஜனின் குளிர், பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி, இதற்குப் போதும். நேர்மாறான எல்லையை எட்டியது நம் மும்பை. கொலாபாவிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் எஸ். ராமகிருஷ்ணன் குழுவினர், தூய பிஸ்மத் உலோகமும் மீக்கடத்தியே என்று 2016 டிசம்பரில் அறிவித்தனர். இனிக் குளிர இயலாது என்னும் கடைக்கோடி உஷ்ணநிலைக்கு மேல், ஒரு டிகிரியில் ஏறத்தாழ 2,000இல் ஒரு பங்கு வரை அதனைக் குளிர்விக்க வேண்டியிருந்தது. பிஸ்மத்தில் மின்னோட்டத்தைச் சுமக்கும் எலெக்ட்ரான் லட்சம் அணுவுக்கு ஒன்றே. ஆகவே விஞ்ஞானிகள் வியந்தனர்.

பயன் என்றதும் பலரும் ரயிலைச் சொல்வர். ஜப்பானின் சோதனை ரயில் 2015 ஏப்ரலில் மணிக்கு 603 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது. ஆனால் அது கிண்ணத்துக் காந்தம் போல் மிதப்பதன்று. ரயிலிலுள்ள மீக்கடத்திக் காந்தங்கள் விரையும்போது பாதையோரச் சுருள்களில் மின்னோட்டம் எழுந்து அதனைத் தூக்குகிறது. வேகம் குறைந்தால் ரயில் சக்கரங்களில்தான் ஓடும்.

செம்பூர்வாசிக்கும் தாராவிவாசிக்கும் ரயிலைவிட நெருங்கியது மருத்துவமனையின் எம்.ஆர்.ஐ. கருவி. பெரும்பாலான கருவிகளுள் நயோபியம்-டைட்டானியம் கம்பிச்சுருள் திரவ ஹீலியத்தில் அமிழ்ந்திருக்கிறது. ஒருமுறை செலுத்திய மின்னோட்டம் ஆண்டுக்கணக்கில் அதில் தானே சுற்றும். வழக்கமான 1.5 டெஸ்லா கருவியின் புலம் பூமியின் காந்தப் புலத்தைப்போல் ஏறத்தாழ 30,000 மடங்கு. படம் எடுக்காத வேளையிலும், மின்சாரம் நின்ற வேளையிலும் காந்தம் விழித்தே இருக்கும். 2018 ஜனவரியில் மும்பை மருத்துவமனை ஒன்றில், உறவினரான நோயாளிக்குத் துணையாக வந்த இளைஞர் ஆக்சிஜன் சிலிண்டருடன் அவ்வறையில் நுழைந்தார். சிலிண்டரோடு கருவிக்குள் இழுக்கப்பட்டு உயிரிழந்தார். எனவே “கருவி அணைந்திருக்கிறது” என்று யார் சொன்னாலும் நம்பலாகாது. சாவிக்கொத்து, கொண்டை ஊசி, தாலிக்கொடியில் நம் பெண்கள் கோத்து வைக்கும் ஊக்கு, யாவற்றையும் வெளியிலேயே கழற்றிவிட வேண்டும். உடலுக்குள் இதயத் துடிப்புக் கருவியோ உலோகத் துண்டோ உண்டெனில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். துணைக்கு வருவோருக்கும் இது பொருந்தும்.

ஆபத்துக் காலத்தில் காந்தத்தைத் தணிக்க ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் சுருள் சூடேறி மின்தடை திரும்புகிறது. ஹீலியம் பொங்கி ஆவியாகிக் கூரைக்குழாய் வழியே வெளியேறுகிறது. மறுபடி ஹீலியம் நிரப்பிக் குளிர்வித்த பின்னரே கருவி பயன்படும்.