பக்கத்துத் தறிக்கூடத்தின் வெற்றி நமக்கு ஏன் பொருந்துவதில்லை?

திருவள்ளூர் மாவட்டத்தில் ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை பக்கம் விசைத்தறி வைத்திருப்பவர்களிடம் பேசினால் ஒரு கேள்வி கட்டாயம் வரும். "நூலும் ஒன்றுதான், தறியும் ஒன்றுதான். அவர் கூடத்தில் இறங்குகிற துணி என் கூடத்தில் ஏன் இறங்கமாட்டேன் என்கிறது?" பின்னாலேயே பதிலும் வந்துவிடும்: "அவர் புது மேஸ்திரி போட்டார், அதுதான்." மறுவாரம் இவரும் மேஸ்திரி தேடுவார். அந்தக் கேள்விக்கும் இந்தப் பதிலுக்கும் நடுவே நாம் ஏறாமல் தாண்டிவிட்ட படிகள் சில இருக்கின்றன. ஒரு டீ குடிக்கிற நேரம்தான். ஒவ்வொன்றாக ஏறிப் பார்ப்போம்.

அடுத்தவர் அனுபவத்தைப் பார்த்துக் கற்பதற்கு நிர்வாகப் படிப்பில் 'கேஸ் ஸ்டடி' என்று ஒன்று உண்டு. ஒரு நிறுவனத்துக்கு வந்த சிக்கலை, அன்று அவர்களிடம் இருந்த பணம், ஆள், சந்தை நிலவரம் எல்லாவற்றோடும் எழுதி மாணவர்கள் முன் வைப்பார்கள். "அந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்பார்கள். அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளி வளர்த்தெடுத்த முறை இது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றி 1993-இல் அங்கே எழுதப்பட்ட கேஸ் இன்றும் பல நாடுகளின் வகுப்புகளில் பேசப்படுகிறது.

இங்கேதான் எல்லோரும் செய்கிற பிழை வருகிறது. கேஸ் ஸ்டடி என்றால் வெற்றிக் கதை, அதில் இருப்பதை அப்படியே செய்தால் நமக்கும் வெற்றி என்று நினைத்துக்கொள்கிறோம். அரவிந்தையே எடுத்துக்கொள்வோம். டாக்டர் கோ. வெங்கடசாமி ஓய்வுபெற்ற பிறகு 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது அது. அங்கே அறுவை அறையில் ஒரு மருத்துவர் ஒரு மேஜையில் கண்புரையை நீக்கிக்கொண்டிருக்கும்போதே, பக்கத்து மேஜையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். நேரம் வீணாவதில்லை. பார்க்கிறவர் கண்ணில் முதலில் படுவது இந்த இரண்டு மேஜைதான்.

ஆனால், அந்த மேஜை காலியாகக் கிடக்காமல் பார்த்துக்கொள்வது எது? ஊர் ஊராக நடத்துகிற கண் முகாம்கள் நோயாளிகளை அழைத்து வருகின்றன. கிராமத்திலிருந்து எடுத்துப் பயிற்சி கொடுத்த பெண்கள், அறுவைக்கு முன்னும் பின்னும் ஆகவேண்டிய வேலைகளைத் தோளில் சுமக்கிறார்கள். 1992-இல் தொடங்கிய ஆரோலேப், கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை மலிவாகச் செய்து தருகிறது. இவை இல்லாத இடத்தில் இரண்டாவது மேஜை வாங்கிப் போட்டால், அது வெறும் மேஜைதான்.

இன்னொன்றும் உண்டு. கேஸாக எழுதப்படுவது பெரும்பாலும் ஜெயித்தவர் கதை. புது மேஸ்திரி போட்டும் தறியைப் பழைய இரும்புக்குப் போட்டவர் கதையை யாரும் நமக்கு வந்து சொல்வதில்லை. அதனால், ஒரு கேஸைப் படித்துவிட்டு நாம் எடுத்துவர வேண்டியது ஒரு கேள்வியை. "மேஸ்திரி மாறினால் என் துணி கூடுமா?" என்ற கேள்வி கிடைத்ததா, அது போதும். பதிலை நம் கூடத்தில்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கான வழிகளைத்தான் ஆய்வு முறை என்கிறார்கள்.

பதில் கண்டுபிடிப்பதில் என்ன சிரமம்? ஒரே நேரத்தில் பல விஷயங்கள் மாறுகின்றன. தமிழ்நாட்டில் விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023-இல் 1,000 யூனிட் ஆனது. அந்தச் சலுகை கூடிய மாதமே ஒருவர் மேஸ்திரியையும் மாற்றியிருந்தால், கையில் மிஞ்சிய காசுக்கு யார் காரணம்? முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று மட்டும் பார்த்தால் தெரியாது. விவசாயிக்கு இந்தச் சூட்சுமம் தெரியும். புது உரத்தை நிலம் முழுக்கப் போடமாட்டார். பாதிக்குப் போட்டு, பாதியைப் பழையபடி விடுவார். மழையும் வெயிலும் இரண்டுக்கும் பொது. அறுப்பில் வித்தியாசம் வந்தால் அது உரத்தால் வந்தது. பழையபடி விட்ட அந்தப் பாதிக்கு ஆய்வில் 'ஒப்பீட்டுக் குழு' என்று பெயர்.

தறித் தொழிலிலேயே இப்படி ஒரு சோதனை நடந்திருக்கிறது. நிக்கோலஸ் புளூம் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் ஐவர், 2008-இல் தொடங்கி, மும்பைக்கு அருகே பருத்தித் துணி நெய்கிற 17 நிறுவனங்களை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொன்றும் 100 முதல் 1,000 பேர் வரை வேலை செய்கிற நிறுவனம். குலுக்கல் முறையில் 11 நிறுவனங்களைத் தேர்ந்து, நிர்வாக ஆலோசகர்களை மாதக்கணக்கில் உள்ளேயே இருத்தி, 38 நடைமுறைகளைப் பழக்கினார்கள். மற்ற 6 நிறுவனங்களில் நிலைமையை ஆராய்ந்து ஆலோசனை சொன்னதோடு சரி. அவைதான் உரம் போடாத பாதி.

அந்த நடைமுறைகள் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. துணியில் என்ன குறை, எந்தத் தறியில், எந்த ஷிப்டில் என்று தினமும் எழுதுவது. எழுதியதை மேலாளர்கள் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பது. தறி பழுதாகும் வரை காத்திருக்காமல் முன்கூட்டியே பராமரிப்பது. நூல் இருப்பைக் கணக்கில் வைப்பது. முதல் ஆண்டிலேயே உற்பத்தித்திறன் 17 சதவீதம் கூடியது. இவ்வளவு எளிய வேலையை அதுவரை ஏன் செய்யவில்லை? தங்கள் தரத்தில் குறை இருப்பதாகவே பல முதலாளிகள் நினைக்கவில்லை. எழுதிப் பார்க்காதவர்களுக்குக் குறை எப்படித் தெரியும்? ஆய்வாளர்கள் 2017-இல் திரும்பப் போய்ப் பார்த்தபோது, பழக்கிய நடைமுறைகளில் பாதியளவு கைவிடப்பட்டிருந்தது. ஆனாலும் பயிற்சி பெற்ற நிறுவனங்கள் நடைமுறைகளில் மற்றவற்றைவிட நல்ல நிலையில்தான் இருந்தன.

இதைப் படித்துவிட்டு 38 நடைமுறைகளையும் நாளைக்கே ஆர்.கே.பேட்டைக்குக் கொண்டுவந்தால், நாம் மறுபடியும் பழைய பிழையைத்தான் செய்கிறோம். அவை நூற்றுக்கணக்கான ஆட்கள் உள்ள ஆலைகள். நம்முடையது எட்டுத் தறிக் கூடமாக இருக்கலாம், வீட்டு ஆட்களே ஓட்டலாம். கொண்டுவர வேண்டியது முறையை மட்டும்.

அதை இப்படித் தொடங்கலாம். ஒவ்வொரு தறிக்கும் ஒரு நோட்டு. தறி நின்றால் எத்தனை நிமிடம், எதனால் என்று ஒரு வரி: பாவு இழை அறுந்தது, தார் தீர்ந்தது, கரண்ட் போனது, ஆள் இல்லை. ஒரு மாதம் எதையும் மாற்றாமல் எழுத மட்டும் செய்யுங்கள். பாதி நிறுத்தம் இழை அறுவதால் என்று தெரிந்தால் கவனம் நூலுக்கும் கஞ்சிக்கும் போகும். மேஸ்திரி பேச்சே வராமல் போகலாம். பிறகு சீட்டுக் குலுக்கி நான்கு தறிகளில் மட்டும் ஒரே ஒரு மாற்றம். மற்ற நான்கும் பழையபடி. நன்றாக ஓடுகிற தறியாகப் பார்த்துப் பொறுக்கினால் கணக்கு நம்மையே ஏமாற்றும், அதற்குத்தான் சீட்டு. தறி எண்ணிக்கை குறைவு என்பதால் ஒரு வாரத்து வித்தியாசத்தை நம்பக்கூடாது. சில மாதம் பொறுக்க வேண்டும். இதே தெரு ஆட்கள் நாலு பேர் சேர்ந்து செய்தால் பதில் இன்னும் உறுதியாகும்.

திருவள்ளூர் மாவட்டக் கல்லூரிகளில் நிர்வாகம் படிக்கிற பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். ப்ராஜெக்ட்டுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பெனி தேடும்போது, ஒருமுறை ஆர்.கே.பேட்டைப் பேருந்திலும் ஏறுங்கள். ஒரு தறிக்கூடத்தில் அனுமதி கேட்டு அந்த நோட்டை எழுதிக் கொடுங்கள். நஷ்டப்பட்ட கூடமாக இருந்தால் இன்னும் நல்லது. அந்தக் கதையைத்தான் இதுவரை யாரும் சரியாக எழுதவில்லை.