கேசிங் லாரிக்காரருடையது: ரீட்ரேடிங் பட்டறை போடுமுன் தெரிய வேண்டியவை

நாமக்கல், சங்ககிரி, கரூர் வட்டாரத்தில் லாரித் தொழிலோடு வளர்ந்த இளைஞர்கள் பலருக்குச் சொந்தமாக டயர் ரீட்ரேடிங் பட்டறை போடும் எண்ணம் உண்டு. மெஷின் விற்பவர் தரும் திட்ட அறிக்கையில் சேம்பர் விலை, ரப்பர் செலவு, மாத லாபம் எல்லாம் இருக்கும். வேலைக்கு வரும் கேசிங், அதாவது தேய்ந்த பழைய டயர், லாரிக்காரருடைய சொத்து என்பது மட்டும் இருக்காது. அடுத்தவர் பொருளைக் கையில் வாங்கி, வேலை செய்து திருப்பிக் கொடுக்கிறோம். தொழிலில் வரும் வரி, வழக்கு, பாக்கித் தகராறு பலவற்றுக்கும் வேர் இதுதான்.

முதலில் வரி. வாடிக்கையாளர் கொண்டுவரும் டயருக்குப் புதிய மேல்ரப்பர் ஒட்டி, அதாவது பட்டன் போட்டுக் கொடுத்தால் அது சேவை. நாமே பழைய கேசிங்கை விலைக்கு வாங்கி, ரீட்ரேட் செய்து விற்றால் அது சரக்கு விற்பனை. மத்திய மறைமுக வரி வாரியம் 2018 மார்ச்சில் வெளியிட்ட சுற்றறிக்கை இதைத் தெளிவாகச் சொல்கிறது. தமிழ்நாட்டில் ஜி.எஸ்.டி. பதிவுக்கான ஆண்டு வரம்பு சேவைக்கு 20 லட்சம் ரூபாய். சரக்கு மட்டும் விற்பவருக்கு 40 லட்சம். 40 லட்சம் வரை கவலையில்லை என்று யாராவது சொன்னால், சேவை செய்யும் பட்டறைக்கு அது பொருந்தாது.

அடுத்து இடம். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. பழைய டயரை ரீட்ரேட் செய்வது ‘உற்பத்தி’ ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1979இல் தீர்ப்பளித்தது. அது ஒரு வாடகைத் தகராறில் வந்த தீர்ப்பு. சொத்து மாற்றுச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, உற்பத்திக்கான குத்தகையை முடிக்க 6 மாத நோட்டீஸ் வேண்டும். மற்ற மாத வாடகை இடத்துக்கு 15 நாள் போதும்; ரீட்ரேடிங் பட்டறையும் இதில்தான் வரும். சேம்பருக்கு கான்கிரீட் அடித்தளம், கம்ப்ரசர், மூன்று பேஸ் மின் இணைப்பு எல்லாவற்றையும் 15 நாளில் பெயர்த்துக்கொண்டு போக முடியுமா? நோட்டீஸ் காலத்தை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். நகர்ப்புறங்களில் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும் என்று தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் சொல்கிறது.

பட்டறைக்குள் வந்தால், ஒழுங்காகப் பஃபிங் செய்து, சொல்யூஷன் அடித்து, குஷன் கம் வைத்து ஒட்டிய பட்டன் சுலபத்தில் கழன்று போகாது. ஆபத்து பெரும்பாலும் கேசிங்கில் ஒளிந்திருக்கிறது. காற்று குறைவாக ஓடிய ரேடியல் டயரின் சைடு வாலுக்குள் இருக்கும் எஃகுக் கம்பிகள் மடங்கி மடங்கி அறுந்துபோயிருக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. விளக்கை உள்ளே பிடித்து விரலால் தடவிப் பாருங்கள். அலை அலையாகவோ, ஓரிடத்தில் மெத்தென்றோ தட்டுப்பட்டால் அந்தக் கேசிங்கை எடுக்காதீர்கள். காற்றடிக்கும்போது படபடவென்று சன்னமாகச் சத்தம் கேட்டால் உடனே காற்றை நிறுத்திவிட்டு விலகிவிட வேண்டும். அப்படிப்பட்ட டயர் ஜிப் கிழிவதுபோல் ஒரு நொடியில் திறந்துகொள்ளும்.

லாரி டயரில் நிற்பது 100 பி.எஸ்.ஐ.க்கு மேற்பட்ட காற்று. லாக் ரிங் சரியாக உட்காராமல் தெறித்தால் எதிரே இருப்பவர் பிழைப்பது அரிது. இரும்புக் கூண்டுக்குள் வைத்து, வால்வில் தானே கவ்வும் கிளிப்பும் நீளமான ஹோஸும் போட்டு, பக்கவாட்டில் நின்று காற்றடிக்க வேண்டும். டயர் மேல் காலை வைத்துக்கொண்டு காற்றடிப்பதைச் சாலையோரக் கடைகளில் தினமும் பார்க்கிறோம். பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு பதறுகிறது. கூண்டு வாங்கப் பணமில்லை என்றால் பட்டறை தொடங்கவும் பணம் போதவில்லை என்றே பொருள்.

ஒட்டுவதற்கு அடிக்கும் ரப்பர் சொல்யூஷன் பெட்ரோலைப் போல் பற்றிக்கொள்ளும் ரகம். இந்த ரகத்தை 30 லிட்டருக்கு மேல் இருப்பு வைக்க பெட்ரோலியச் சட்டப்படி உரிமம் தேவை. பஃபிங் தூசியும் எரியும். இரண்டையும் ஒரே மூலையில் வைக்கக் கூடாது. பத்துப் பேர் வேலை செய்தால் ஈ.எஸ்.ஐ. கட்டாயம். அதற்குக் குறைவான ஆள் இருந்தாலும், வேலையில் அடிபட்டவருக்கு இழப்பீடு தரும் பொறுப்பு முதலாளிக்கு உண்டு. தொழிலாளர் துறையில் இதற்கான அதிகாரியிடம் 2 ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம். வேலைக்குச் சேரும் தம்பிகளும் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவும், பழைய டயர் கழிவு விதிகள் 2022இல் திருத்தப்பட்டபின் ரீட்ரேடருக்கு வந்த இணையப் பதிவும் தனி.

பாக்கிதான் இந்தத் தொழிலைச் சாய்க்கும் நோய். கூலி வராமல் டயரைத் தரமாட்டேன் என்று சொல்ல இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவு உங்களுக்கு உரிமை தருகிறது, கடன் பேசியிருக்காவிட்டால். ஆனால் அந்த உரிமை அந்த டயருக்கான கூலிக்கு மட்டும். போன மாதப் பாக்கிக்காக இன்று வந்த டயரைப் பிடித்துவைக்க முடியாது. அதை விற்கவும் முடியாது. டயரை வெளியே விட்டபின் வழி வேறு. உத்யம் என்னும் அரசுப் பதிவு பெற்ற குறு, சிறு தொழிலுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் வர வேண்டும். தவறினால் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்டு குறு, சிறு தொழில்களுக்கான வசதியாக்கக் குழுவிடம் போகலாம். பதிவுக்குப் பிறகு செய்த வேலைக்குத்தான் இந்தப் பாதுகாப்பு உறுதி என்பதால் முதல் டயர் வருமுன்னே பதிந்துவிடுங்கள்.

லாரிக்காரருக்கும் உரிமை உண்டு. சொந்த வண்டியைத் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான். ரீட்ரேட் சரியில்லை, கேசிங்கை மாற்றிவிட்டார்கள் என்றால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். வேலைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. இரு தரப்பையும் காப்பது வேலை அட்டை: டயரின் வரிசை எண், மீதமிருந்த பட்டன் ஆழம், ஏற்கெனவே இருந்த பேட்ச், இரு கையெழுத்து. ஏற்க முடியாத கேசிங் என்றால் காரணத்தையும் அதிலேயே எழுதிக் கொடுங்கள்.

உத்யம் பதிவுக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டணம் கிடையாது. ஆதார், பான் எண்களோடு அரசின் இணையதளத்தில் நீங்களே பதியலாம். இதற்காகத் தரகருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.