படச்சுருளில் மாறிப்போன ஒரு யுத்தம்

ஐரோப்பிய யுத்தத்தின் புகை அடங்கியும் அடங்காமலும் இருந்த 1945 மே மாதத்தில், ஜெர்மனியைத் தோற்கடித்ததில் எந்த நாட்டின் பங்கு பெரிது என்று பிரெஞ்சு ஜனங்களை ஒரு கருத்துக் கணிப்பில் கேட்டபோது, நூற்றுக்கு 57 பேர் சோவியத் நாடு என்றும், 20 பேர் அமெரிக்கா என்றும், 12 பேர் பிரிட்டன் என்றும் விடை சொன்னார்கள். பிரான்சின் நார்மண்டிக் கரையில் நேசநாட்டுச் சேனைகள் இறங்கியதன் அறுபதாம் ஆண்டு கோலாகலமாகக் கொண்டாடப்பட்ட 2004-ல் அதே கேள்வி மறுபடியும் கேட்கப்பட்டது. இம்முறை 58 பேர் அமெரிக்கா என்றார்கள். சோவியத் நாடு என்றவர்கள் 20 பேர். எண்கள் ஏறக்குறைய அப்படியே இருக்க, நாடுகளின் பெயர்கள் மட்டும் இடம் மாறிவிட்டன.

இடைப்பட்ட அறுபது வருஷங்களில் பழைய தீர்ப்பைப் புரட்டிவிடக்கூடிய புதிய சாட்சியம் ஏதேனும் கிடைத்ததா என்றால், அப்படி ஒன்றும் இல்லை. ஆவணக் காப்பகங்களின் கதவுகள் திறக்கத் திறக்க, ஜெர்மானியச் சேனை இழந்த உயிர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் கிழக்குப் போர்முனையிலேயே போயின என்பதும், அதற்கு ஈடாகச் சோவியத் மக்கள் ஏறத்தாழ 2 கோடியே 70 லட்சம் பேரைப் பலி கொடுத்தார்கள் என்பதும் ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாயின. அமெரிக்கா இழந்தது சுமார் 4 லட்சம் பேரை. மாண்டவர்களைத் தராசில் இட்டு நிறுப்பது மனத்துக்கு உவப்பான காரியம் அல்லவென்றாலும், இவ்வளவு பெரிய வித்தியாசத்தை இரண்டு தலைமுறைக்குள் மறந்துபோவது அதைவிடக் கொடிது.

1944 ஜூன் மாதத்தையே எடுத்துக்கொள்வோம். 6-ம் தேதி நார்மண்டிக் கடற்கரையில் நடந்ததை உலகம் அறியும். அதே மாதம் 22-ம் தேதியை ஒட்டி பெலாரஸ் மண்ணில் தொடங்கிய சோவியத் தாக்குதலில், ஜெர்மனியின் மத்திய சேனைத் தொகுதி சில வாரங்களுக்குள் நிர்மூலமாயிற்று. ஜூலை 17-ம் தேதி, பிடிபட்ட ஜெர்மானியர் சுமார் 57,000 பேர், தளபதிகள் முன்செல்ல, தாடியும் அழுக்குமாக மாஸ்கோ வீதிகளின் வழியே வரிசை வரிசையாக நடத்திச் செல்லப்பட்டார்கள். ஜனங்கள் நடைபாதைகளில் நின்று பெரும்பாலும் மௌனமாகவே பார்த்துக்கொண்டிருக்க, வரிசையின் கடைசியில் தண்ணீர் லாரிகள் வந்து அவர்கள் நடந்த தெருக்களைக் கழுவிவிட்டுச் சென்றன. எந்தப் படக்காரனும் கற்பனை செய்து சேர்க்க வேண்டிய அவசியமில்லாத இந்தக் காட்சியை நம்மில் எத்தனை பேர் திரையில் பார்த்திருக்கிறோம்?

சோவியத் செஞ்சேனை ஏறிச் சென்ற லாரிகளிலும் அதன் சிப்பாய்கள் உண்ட டப்பா இறைச்சியிலும் கணிசமான பகுதி அமெரிக்கா அனுப்பியது என்றும், 1939-ல் ஜெர்மனியோடு ஒப்பந்தம் செய்துகொண்டதே சோவியத் நாடுதான் என்றும் மறுதரப்பார் சொல்வதுண்டு. இரண்டும் உண்மையே. ஆயினும், பிரெஞ்சு ஜனங்களின் மனம் மாறியது இந்த உண்மைகளை ஆராய்ந்து பார்த்ததால் என்று என்னால் நம்ப முடியவில்லை.

பனிப்போரும் அதைத் தொடர்ந்த சோவியத் நாட்டின் வீழ்ச்சியும் தம் வேலையைச் செய்தன. அவற்றைக் காட்டிலும் பெரிய வேலையைச் செய்தது சினிமா. நார்மண்டியைப் பற்றிய பிரம்மாண்டமான படங்கள் 1962-லும் 1998-லும் வந்து உலகத்தின் கொட்டகைகளையெல்லாம் நிறைத்தன. யுத்தம் என்றதும் அந்தக் கடற்கரையும் அந்தத் தலைக்கவசங்களுமே கண்முன் வரும்படி செய்துவிட்டன. ரஷ்யர்களும் அரிய யுத்தப் படங்களை எடுத்தார்கள். எனினும் அவற்றை ஊர் ஊராகக் கொண்டு செல்லும் வியாபார பலம் அவர்களிடம் இல்லை. இந்த மறதிக்கு ஓர் அடையாளம் பாரிஸிலேயே உண்டு. அந்நகரத்தில் நம் ஈழத்தமிழர்களின் கடைகள் நிறைந்த லாச்சப்பலுக்கு அடுத்த ரயில் நிலையத்தின் பெயர் ஸ்டாலின்கிராட். ஜெர்மானியச் சேனையைச் சோவியத் படைகள் முறியடித்த ரஷ்ய நகரத்தின் நினைவாக, யுத்தம் முடிந்த மறுவருஷம், 1946-ல், நன்றியுணர்ச்சியோடு சூட்டிய பெயர் அது. 1961-ல் அந்த ரஷ்ய நகரமே வோல்கோகிராட் என்று பெயர் மாறிய பின்பும், பாரிஸ் நிலையத்தின் பலகை மாறவில்லை. மளிகைப் பையும் கறிவேப்பிலைக் கட்டுமாக அங்கே ஏறி இறங்கும் இளைஞர்களுக்கு அந்தப் பெயர் ஒரு நிறுத்தத்தின் பெயர், அவ்வளவே. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர்களோடு பள்ளியில் படித்த பிரெஞ்சுப் பிள்ளைகளின் நிலையும் வேறல்லவே.

பாடப்புத்தகம் செய்ய வேண்டிய காரியத்தைச் சினிமாவின் கையில் ஒப்படைத்துவிட்டோமே என்பதுதான் என் கவலை. காமிரா தன்னைச் சுமந்து செல்ல யாரிடம் பணம் இருக்கிறதோ அவர்கள் போன இடத்துக்கே போகிறது. கொஹிமாவிலும் இம்பாலிலும் இத்தாலியின் கஸீனோ மலைச்சரிவுகளிலும் போரிட்ட இந்தியச் சிப்பாய்கள், 25 லட்சம் பேர் கொண்ட ஒரு மகாசேனையைச் சேர்ந்தவர்கள். நேசநாடுகளின் வெற்றியைக் கொண்டாடும் பெரும் படங்களில் அவர்களுடைய முகத்தைத் தேடித்தான் காண வேண்டும்.

பிரான்சுக்காகவே போரிட்ட ஆப்பிரிக்கர்களின் கதை இன்னும் துயரமானது. 1944 ஆகஸ்ட் 15-ம் தேதி தெற்குக் கரையில் இறங்கி, தூலோனையும் மார்செய்லையும் மீட்ட பிரெஞ்சுச் சேனையில் அல்ஜீரியர், மொரோக்கர், செனகல் வீரர்கள் என்று வந்தவர்கள் ஏராளம். குளிர்காலம் நெருங்கியபோது கறுப்பு வீரர்களை முன்னணியிலிருந்து விலக்கி, அவர்கள் அணிந்திருந்த சீருடையையும் ஏந்தியிருந்த ஆயுதத்தையும் வாங்கி, புதிதாகச் சேர்ந்த வெள்ளை இளைஞர்களுக்குக் கொடுத்தார்கள். வெற்றி ஊர்வலத்துக்கு வேண்டிய நிறத்தைப் போர் முடியுமுன்பே தீர்மானித்துவிட்டதாகவே இது எனக்குப் படுகிறது. பின்னர் 1959-ல் செய்த ஏற்பாட்டின்படி, சுதந்திரமடைந்த காலனிகளின் பழைய வீரர்களுக்குரிய ஓய்வூதியம் அன்றைய அளவிலேயே உறைந்து நின்றது. உடன் போரிட்ட பிரெஞ்சுக்காரரின் தொகையோ விலைவாசிக்கேற்ப ஏறிக்கொண்டே போயிற்று. வழக்கு, மனு, வேண்டுகோள் எல்லாம் பல வருஷங்கள் நடந்தும், அந்த வேற்றுமை முற்றிலும் நீங்கவில்லை. 2006-ல் இந்த வட ஆப்பிரிக்க வீரர்களைப் பற்றிய ஒரு பிரெஞ்சுத் திரைப்படம் வெளியாகி நாட்டையே உலுக்கிய பிறகுதான், போர்வீரர்களுக்கான ஓய்வூதியத்தைச் சமப்படுத்துவதாக அறிவிப்பு வந்தது.

அந்தப் படத்தை எடுத்தவர்களுக்கு என் வணக்கம். ஆனால், ஒரு தேசம் தன் கடனை உணர்வதற்குக் கொட்டகையில் விளக்கை அணைத்துத்தான் ஆகவேண்டும் என்ற நிலைமை எனக்கு அச்சத்தைத் தருகிறது. படம் எடுக்க எவரும் முன்வராத வீரர்களுக்கு வழி என்ன? சமப்படுத்திய அந்தத் தொகையும்கூட அறிவிப்புக்குப் பிந்திய காலத்துக்கே கிடைத்தது. இடையிலிருந்த 47 வருஷங்களின் நிலுவை வழங்கப்படவில்லை.