டி-ஷர்ட்டிலிருந்து ஆரம்பியுங்கள்

டீ சூடாக இருக்கிறது, மெதுவாகவே பேசலாம். சாயங்காலத்தில் தெருப் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிற இளைஞர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. “ஸ்போக்கன் இங்கிலீஷ்னு ஆரம்பிச்சா பேரு, ஊரு, அப்பா பேரு சொல்லிட்டு வாயை மூடிக்குதுங்க. அதுக்கு மேல எதைப் பேசச் சொல்றது?” உடம்பில் போட்டிருக்கிற துணியைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள் என்பதுதான் என் பதில். டி-ஷர்ட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

உப்பளங்கள் உள்ள கடற்கரை ஊரான மரக்காணத்தில் இந்தக் கேள்விக்குத் தனி எடை இருக்கிறது. இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை 2021 அக்டோபர் 27 அன்று அப்போதைய முதலமைச்சர் தொடங்கிவைத்தது இந்த ஊரை அடுத்த முதலியார்குப்பத்தில்தான். பள்ளிக்கூடம் விட்ட பிறகு, வீட்டுக்குப் பக்கத்திலேயே, ஊர்க்காரத் தன்னார்வலர் ஒருவர் பிள்ளைகளோடு உட்காருகிற ஏற்பாடு அது. அப்படி உட்காரும் பிள்ளைகளில் உப்பளத்து வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. அவர்கள் கையில் கிடைக்கிற இங்கிலீஷ் பேச்சுப் புத்தகத்தைத் திறந்தால், உடை என்ற பாடத்தில் ஓவர்கோட் இருக்கும், ஸ்கார்ஃப் இருக்கும், கையுறை இருக்கும். பனி பெய்யாத கடற்கரையில் அந்தப் பிள்ளை எதைப் பார்த்து அந்த வாக்கியத்தைச் சொல்லும்? பார்க்காத பொருளைப் பற்றிப் பேச வைப்பதால்தான் வாய் மூடிக்கொள்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இனி விஷயத்துக்கு வருவோம். உடுப்புப் பேச்சில் நம் பிள்ளைகள் தடுக்கி விழுகிற இடம் ஒன்றே ஒன்று. அதை மட்டும் நிதானமாகப் பிரித்துக் காட்டினால் போதும், பாதி இங்கிலீஷ் வந்துவிடும்.

தமிழில் நாம் எப்படிச் சொல்கிறோம் என்று பாருங்கள். “வீட்டுல இருந்தா டி-ஷர்ட்தான் போடுவேன்.” இது பழக்கம். ஆனால் ‘போடுவேன்’ என்பது நாளைக்குப் போடப்போவதையும் சொல்கிற வடிவம். அதனால் பிள்ளை அப்படியே இங்கிலீஷுக்குக் கொண்டுபோய், “டெய்லி ஐ வில் வேர் டி-ஷர்ட்” என்று சொல்லிவிடுகிறது. கேட்கிறவர் இனிமேல்தான் போடப்போகிறானாக்கும் என்று நினைப்பார். பழக்கத்தைச் சொல்ல இங்கிலீஷ்காரர்கள் நிகழ்காலத்தையே வைத்துக்கொள்கிறார்கள்: “ஐ வேர் எ டி-ஷர்ட் அட் ஹோம்.” அவ்வளவுதான், ‘வில்’ வேண்டாம்.

அடுத்தது, இப்போது உடம்பில் இருப்பது. “நான் டி-ஷர்ட் போட்டிருக்கேன்” என்கிறோம். போட்டு முடித்தாயிற்று, அது உடம்பில் இருக்கிறது என்பது தமிழின் கணக்கு. இங்கிலீஷில் அது இன்னமும் நடந்துகொண்டிருக்கிற காரியம்: “ஐ ஆம் வேரிங் எ டி-ஷர்ட்.” போட்டு ஆறு மணி நேரம் ஆகியிருந்தாலும் ‘வேரிங்’தான். சரி, கதவுக்கு வெளியே யாரோ கூப்பிட, உள்ளே தலையை நுழைத்துக்கொண்டே “இரு, டி-ஷர்ட் போட்டுக்கிட்டிருக்கேன்” என்கிறோமே, அது? அதற்கு வேறு சொல்: “ஐ ஆம் புட்டிங் ஆன் எ டி-ஷர்ட்.” ஆக, போடுகிற வேலை ஒன்று, போட்டிருக்கிற நிலை ஒன்று, போடுகிற பழக்கம் ஒன்று. தமிழில் ‘போடு’ என்ற ஒரே வினை இந்த மூன்றையும் வடிவத்தை மாற்றிச் சமாளித்துவிடும். இங்கிலீஷில் மூன்றையும் தனித்தனியாகப் பிடிக்க வேண்டும்.

இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் ஏறாது. ஒரு பிள்ளையை எழுந்து நிற்கச் சொல்லுங்கள். கையில் ஒரு சட்டையைக் கொடுங்கள். ஒரு கையை நுழைக்கும்போது நிறுத்தி, “வாட் ஆர் யூ டூயிங்?” என்று கேளுங்கள். பட்டனைப் போட்டு முடித்ததும், “வாட் ஆர் யூ வேரிங்?” கழற்றி மடித்து வைத்த பிறகு, “வென் டூ யூ வேர் இட்?” பதில் மூன்று விதமாக வரும். உடம்பு செய்ததை வாய் சொல்கிறது, அதனால் மறக்காது.

அதற்குப் பிறகு வீட்டு ஆட்களைப் பற்றிக் கேளுங்கள். இங்கேதான் மரக்காணம் உள்ளே வர வேண்டும் என்கிறேன். உப்பளத்துக்குப் போகிற பெண்கள் புடவைக்கு மேல் ஆம்பிளை ஃபுல் ஹேண்ட் சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்வார்கள், தலையில் துண்டு. இருட்டோடு கிளம்புவது, வெயில் ஏறுவதற்குள் உப்பை வாரிக் கரையேற்றிவிடத்தான். வெயில் ஏறிவிட்டால் சூடு மேலிருந்து மட்டும் வருவதில்லை. பாத்தியில் விளைந்திருக்கிற வெள்ளை உப்பு வெளிச்சத்தைத் திருப்பி முகத்தில் அடிக்கிறது. மணிக்கட்டு வரை மூடுகிற சட்டை அதற்காக. “மை மதர் வேர்ஸ் எ லாங்-ஸ்லீவ்ட் ஷர்ட் ஓவர் ஹெர் சேரி” என்று அந்தப் பிள்ளை சொல்லட்டும். ‘வேர்ஸ்’ என்பதில் அந்தக் கடைசி ‘ஸ்’ வருகிறதா என்று மட்டும் காது கொடுங்கள். “ஒய்?” என்று அடுத்து கேளுங்கள். “பிகாஸ் த சன் இஸ் ஹாட்” என்று ஆரம்பித்து, “அண்ட் த சால்ட் இஸ் ப்ரைட்” என்று அதுவாகவே தொடரும். லண்டன் பாடப்புத்தகத்தில் இல்லாத வாக்கியம் அது. ஆனால் முழுக்க முழுக்கச் சரியான இங்கிலீஷ்.

ஏன் அந்த வேலைக்கு டி-ஷர்ட்டை விடச் சட்டை தோது என்பதையும் சொல்லிக்கொடுக்கலாம், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். சட்டைத் துணி தறியில் நெய்தது. பாவும் ஊடையும் ஒன்றையொன்று குறுக்கே பூட்டிக்கொண்டு நிற்கும், இழுத்தால் அதிகம் கொடுக்காது. டி-ஷர்ட் துணி பின்னியது. ஒரே நூல் வளையம் வளையமாக ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொண்டு போகிறது. பழைய டி-ஷர்ட் ஒன்றின் ஓரத்தை அகலவாக்கில் இழுத்துப் பாருங்கள், விரிந்து கொடுக்கும். விட்டால் திரும்ப வரும். பட்டன் இல்லாமலே தலை உள்ளே நுழைவது இதனால்தான். அதே குணம்தான் உப்பளத்தில் இடைஞ்சல். நனைந்தால் கனத்துத் தொங்கும், உடம்போடு ஒட்டும். கழுத்தும் முழங்கைக்குக் கீழும் வெயிலுக்குத் திறந்துகிடக்கும். உப்புத் தண்ணி பட்டுக் காய்ந்தால் தண்ணி போய்விடும், உப்பு நூலிலேயே தங்கிவிடும்; துணி விறைத்துப்போகும், அக்குளிலும் கழுத்திலும் உரசும். நல்ல தண்ணியில் அலசினால்தான் போகும். ஆண்கள் சிலர் டி-ஷர்ட்டோடு இறங்குவதும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. குளித்துவிட்டு டீக்கடைக்கு வரும்போது கைலியும் டி-ஷர்ட்டும், அது வேறு.

டி-ஷர்ட்டின் பூர்வீகம் உள்ளாடைதான். கைகளை விரித்து வைத்தால் இங்கிலீஷ் ‘டி’ எழுத்து மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். அமெரிக்கக் கடற்படையினர் உள்ளே போட்டுக்கொண்டிருந்தது, பிறகு மேலாடையாகிவிட்டது. நம் ஊரில் அதைப் பின்னுகிற ஊர் திருப்பூர். இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் போகிறது. ஏற்றுமதியில் மிச்சப்பட்ட சரக்கு புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட் போன்ற இடங்களில் குவியலாகக் கிடக்கும்.

அந்தக் குவியலிலிருந்து வாங்கிய டி-ஷர்ட் ஒவ்வொன்றும் ஒரு வாசிப்புப் பாடம். எத்தனை பிள்ளைகள் நெஞ்சில் ஒரு முழு இங்கிலீஷ் வாக்கியத்தை அச்சடித்துக்கொண்டு, அது என்னவென்றே தெரியாமல் திரிகிறார்கள்! இது எனக்கு உண்மையிலேயே உறுத்துகிற விஷயம். தன் நெஞ்சில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்துகொள்வது ஒரு பிள்ளையின் உரிமை. “வாட் டஸ் யுவர் டி-ஷர்ட் சே?” என்று ஒருவரையொருவர் கேட்கட்டும். எழுத்துக்கூட்டிப் படித்து, அர்த்தம் கேட்டு, பிடித்திருக்கிறதா என்று சொல்லட்டும். கழுத்துப் பட்டியின் உள்பக்கத்திலோ விலாப் பக்கத் தையலிலோ ஒரு சின்ன லேபிள் இருக்கும், அதையும் திருப்பிப் பாருங்கள். ‘100% காட்டன்’, ‘வாஷ் டார்க் கலர்ஸ் செப்பரேட்லி’, ‘டூ நாட் ப்ளீச்’. ஏவல் வாக்கியத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எந்த இலக்கணப் புத்தகத்திலும் கிடையாது. அதை வைத்தே அம்மாவுக்குத் துணி துவைக்க வழி சொல்வது போல நடிக்கச் சொல்லலாம்.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் என்றால் இன்னொரு படி ஏறலாம். முன்பு இருந்து இப்போது விட்டுப்போன பழக்கத்தைச் சொல்ல ‘யூஸ்ட் டு’ என்று ஒன்று இருக்கிறது. நமக்கு அதைச் சொல்லிக்கொடுக்க மதுரையைவிட நல்ல இடம் வேண்டுமா? 1921 செப்டம்பர் 22 அன்று அங்கேதான் காந்தி சட்டையையும் தொப்பியையும் விட்டு, முழங்கால் அளவுத் துண்டு வேட்டிக்கு மாறினார். “காந்தி யூஸ்ட் டு வேர் எ ஷர்ட் அண்ட் எ கேப். ஆஃப்டர் 1921, ஹி வோர் ஒன்லி எ ஷார்ட் தோத்தி.” குளிருக்குச் சால்வை போர்த்தியிருப்பாரே என்று ஒரு பிள்ளை மறித்துக் கேட்டால் மிகவும் சந்தோஷப்படுங்கள், அந்த மறுப்பையும் இங்கிலீஷில் சொல்லச் சொல்லுங்கள். உப்புக்காக அவர் நடந்த 1930-க்கும் இந்த ஊர்ப் பிள்ளைகள் தாங்களாகவே வந்துசேருவார்கள்.

அபிப்பிராயம் சொல்லப் பழக்க வேண்டுமா, அதற்கும் நம் ஊரிலேயே சரக்கு இருக்கிறது. 2014 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனை, வேட்டி கட்டியிருந்தார் என்பதற்காகச் சேப்பாக்கத்துக் கிரிக்கெட் கிளப் ஒன்றில் உள்ளே விடவில்லை. வேட்டி கட்டியவரைப் பொது இடங்களில் தடுக்கக் கூடாது என்று அதற்கடுத்த மாதமே சட்டமன்றத்தில் சட்டம் நிறைவேறியது. பத்து வருஷம் கழித்து, 2024 அக்டோபரில், அப்போதைய துணை முதலமைச்சர் உதயநிதி ஸ்டாலின் அரசு நிகழ்ச்சிகளுக்கு டி-ஷர்ட்டில் வருவதை எதிர்த்து அதே உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். அரசு ஊழியர்களுக்கான 2019 உடைக் கட்டுப்பாட்டு ஆணை அவருக்குப் பொருந்துமா, டி-ஷர்ட் சாதாரண உடைதானா என்றெல்லாம் கேள்வி எழுந்தது. யார் பக்கம் நியாயம் என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். “கேன் வி வேர் எ டி-ஷர்ட் டு ஆஃபீஸ்?” என்று கேள்வியை மட்டும் நடுவில் வையுங்கள். “ஐ திங்க்” என்று ஒருவர், “ஐ டோன்ட் அக்ரீ” என்று இன்னொருவர். கிளப்பில் வேட்டி, ஆபீஸில் டி-ஷர்ட், உப்பளத்தில் ஃபுல் ஹேண்ட் சட்டை என்று பேச்சு சுற்றிச் சுற்றி வளரும்.

ஒரு எச்சரிக்கை. யார் வீட்டில் எத்தனை சட்டை, எவ்வளவு விலை, புதுசா பழசா என்ற பக்கம் பேச்சைப் போகவிடாதீர்கள். புத்தகங்களில் “ஹவ் மெனி டி-ஷர்ட்ஸ் டூ யூ ஹேவ்?” என்று கேள்வி இருக்கும், அதை அடித்துவிடுங்கள். அண்ணனுடைய சட்டையைப் போட்டு வந்த பிள்ளை அந்தக் கேள்வியோடு வாயை மூடிக்கொள்ளும், பிறகு திறப்பது கஷ்டம். எப்போது போடுகிறாய், எதற்குப் போடுகிறாய், எது சௌகரியம் என்று கேளுங்கள். இவற்றுக்கு எல்லாரிடமும் பதில் இருக்கிறது.

பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் மறித்துத் திருத்தவும் வேண்டாம். “டெய்லி ஐ வில் வேர்” என்றே சொல்லி முடிக்கட்டும். முடித்ததும் நீங்கள் தலையாட்டி, “ஓ, யூ வேர் எ டி-ஷர்ட் எவ்ரி டே? மீ டூ” என்று சரியான வடிவத்தில் பதில் சொல்லுங்கள். நாலு தடவை காதில் விழுந்தால் ஐந்தாவது தடவை வாயில் வரும். வடகிழக்கு மழை இறங்கி உப்பளம் ஓய்ந்த மாதங்களில் இதே பாடத்தைத் திரும்ப எடுங்கள். “மை மதர் வேர்ஸ்” என்று சொன்ன பிள்ளைக்கு அப்போது “டியூரிங் த சால்ட் சீசன்” என்ற நான்கு சொல்லையும் சேர்த்துக் கொடுத்துவிடலாம்.