அயர்லாந்தின் மூன்று பூட்டுகள்: சாவி யாரிடம்?

தெற்கு லெபனானில் நிற்கும் ஐ.நா. அமைதிப்படைக்கு 2026 டிசம்பர் 31 கடைசி நாள். அந்தப் படையில் 1978-லேயே சேர்ந்து, இடையில் சில ஆண்டுகள் நீங்கலாகப் பணியாற்றி, நாற்பதுக்கும் மேற்பட்ட வீரர்களைப் பறிகொடுத்த நாடு அயர்லாந்து. அந்தப் பணி முடியும் வேளையில், வெளிநாட்டுக்குப் படை அனுப்பும் சட்டத்தையே மாற்ற டப்ளின் அரசு முனைந்திருக்கிறது. இதையொட்டி வந்த வாசகர் கடிதங்களில் குழப்பம் நிறையவே தெரிகிறது. அயர்லாந்து நேட்டோவில் சேர்ந்துவிட்டதாகச் சிலர் எண்ணுகிறார்கள். சேரவே முடியாதபடி அரசமைப்பு தடுக்கிறது என்று வேறு சிலர் எழுதுகிறார்கள். இரண்டும் சரியல்ல.

அயர்லாந்து அரசு ‘ராணுவ நடுநிலை’ என்று சொல்வதன் பொருள் மிகக் குறுகியது: எந்த ராணுவக் கூட்டணியிலும் உறுப்பினர் இல்லை, அவ்வளவுதான். 1949-ல் நேட்டோ உருவானபோது அயர்லாந்து விலகி நின்றதற்குக் காரணம் போர் வெறுப்பு அல்ல. தீவின் வடக்குப் பகுதி பிரிட்டனிடம் இருக்கும்வரை அதே பிரிட்டனுடன் ஒரே கூட்டணியில் அமர மாட்டோம் என்றார் அன்றைய வெளியுறவு அமைச்சர் ஷான் மெக்பிரைடு. அதன் பிறகும் நேட்டோவுடனான உறவு அற்றுப்போகவில்லை. 1999-ல் ‘அமைதிக்கான கூட்டாண்மை’ என்ற நேட்டோ திட்டத்தில் அயர்லாந்து சேர்ந்தது. அதற்கு முன் மக்கள் வாக்கெடுப்பு நடத்துவதாக எதிர்க்கட்சித் தலைவராக இருந்தபோது சொன்ன பெர்டி ஏஹன், பிரதமரான பிறகு நடத்தவில்லை. நடுநிலை பற்றி அரசுகள் தரும் வாய்மொழி உறுதியை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு இதுவே போதும்.

அதனால்தான் ‘மூன்று பூட்டு’ என்று அங்கே வழங்கும் ஏற்பாடு முக்கியமாகிறது. 12 பேருக்கு மேல் ஆயுதம் தாங்கிய வீரர்களை வெளிநாட்டுப் பணிக்கு அனுப்ப வேண்டுமானால் அமைச்சரவை ஒப்ப வேண்டும்; நாடாளுமன்றக் கீழவை ஒப்ப வேண்டும்; ஐ.நா.வின் இசைவும் இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் நீஸ் ஒப்பந்தத்தை 2001-ல் வாக்காளர்கள் நிராகரித்தார்கள். ஐரோப்பிய ராணுவத்துக்குள் இழுக்கப்படுவோமோ என்ற அச்சம் அதற்கு ஒரு காரணம். அந்த அச்சத்தைத் தணிக்க மறு ஆண்டு செவில் நகரில் அரசு கொடுத்த வாக்குறுதிதான் இந்த மூன்று பூட்டு. அதை நம்பித்தான் மக்கள் இரண்டாம் முறை ‘சரி’ என்று வாக்களித்தார்கள்.

பூட்டு மூன்று என்றாலும் சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது என்று பாருங்கள். அமைச்சரவை அரசுடையது. கீழவையில் பெரும்பான்மை இருப்பதால்தான் அது அரசாக இருக்கிறது. கொறடா உத்தரவு போட்டால் அந்த வாக்கும் வந்துவிடும். ஆக, அரசின் கைக்கு எட்டாமல் இருப்பது ஐ.நா. பூட்டு ஒன்றே. 2025 மார்ச்சில் வெளியிட்ட வரைவில் அரசு கழற்ற நினைப்பதும் அதைத்தான். கூடவே கீழவையின் ஒப்புதல் தேவைப்படாத எண்ணிக்கை 12-லிருந்து 50 ஆகிறது. ஆப்கானிஸ்தானில் நேட்டோ தலைமையிலான படைக்கு 2002 முதல் 2016 வரை அயர்லாந்து அனுப்பியது சுமார் 7 பேரைத்தான். 12-க்குள் அடங்கியதால் கீழவை வாக்கெடுப்பு தேவைப்படவில்லை. வரம்பு 50 ஆனால் எவ்வளவு இடம் கிடைக்கும் என்பதை இதிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளலாம்.

அரசு சொல்லும் காரணம், ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலில் ரஷ்யாவுக்கும் சீனாவுக்கும் உள்ள வீட்டோ எனும் தடுப்பு அதிகாரம். நம் வீரர்கள் எங்கே போக வேண்டும் என்பதை மாஸ்கோவும் பெய்ஜிங்கும் தீர்மானிக்கலாமா என்று அமைச்சர்கள் கேட்கிறார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. தைவானை அங்கீகரித்த மாசிடோனியாவில் இருந்த ஐ.நா. படையின் நீட்டிப்பை 1999-ல் சீனா வீட்டோ செய்தது. 2003-ல் மாசிடோனியாவே விரும்பி வரவேற்ற ஐரோப்பிய ஒன்றியப் படையில், ஐ.நா. ஆணை இல்லை என்பதால் அயர்லாந்து சேர முடியவில்லை. 2014-க்குப் பிறகு பாதுகாப்பு கவுன்சில் புதிய அமைதிப்படை எதையும் அமைக்கவில்லை என்பதும் சரியே.

ஆனால் லெபனான் படை முடிவுக்கு வருவது ரஷ்யாவாலோ சீனாவாலோ அல்ல. அதை முடித்துவைக்க நெருக்கியது அமெரிக்கா. 2025 ஆகஸ்ட் 28 அன்று பாதுகாப்பு கவுன்சிலில் அதற்கான தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அமைச்சர்களின் பேச்சில் அமெரிக்காவின் பெயர் அவ்வளவாக அடிபடுவதில்லை.

அரசின் வாதத்தில் இதைவிடப் பெரிய ஓட்டை சட்டத்தின் வாசகத்திலிருந்தே தெரிகிறது. 2006-ல் திருத்தப்பட்ட பாதுகாப்புச் சட்டத்தில் ஐ.நா. படை என்பதற்கான வரையறையை எடுத்துப் படித்தால், நிறுவப்பட்ட, ஆணையளிக்கப்பட்ட, அனுமதிக்கப்பட்ட, ஆமோதிக்கப்பட்ட, ஆதரிக்கப்பட்ட என்று சொற்கள் வரிசையாக நீள்கின்றன. இவற்றில் எதையும் செய்யலாம் என்று சட்டம் சொல்வது பாதுகாப்பு கவுன்சிலை மட்டுமல்ல. “அல்லது பொதுச் சபை” என்றும் இருக்கிறது. பொதுச் சபையில் யாருக்கும் வீட்டோ கிடையாது. 1956 சூயஸ் நெருக்கடியில் பிரிட்டனும் பிரான்சும் கவுன்சிலை முடக்கியபோது, இந்திய வீரர்களும் பங்கேற்ற ஐ.நா. அவசரப் படையை உருவாக்கியது பொதுச் சபைதான். அந்த வழி 1960-களுக்குப் பிறகு பயன்பாட்டில் இல்லையே என்பது அரசுத் தரப்பின் பதில். பயன்படுத்தாத கதவைத் திறந்து பார்ப்பதற்குப் பதிலாகச் சுவரையே இடிப்பது எந்த விதத்தில் சரி?

புதிய வரைவிலும் ஐ.நா. சாசனக் கொள்கைகளுக்கு இசைவு வேண்டும் என்று இருக்கிறது. இசைவா இல்லையா என்று முடிவு செய்யப்போவது யார்? அரசேதான். வீட்டோதான் சிக்கல் என்றால், கீழவையில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்று விதித்து ஐ.நா. பூட்டின் இடத்தை நிரப்பியிருக்கலாம். அப்படி எதுவும் வரைவில் இல்லை. எனவே அரசின் நோக்கம் வீட்டோவை விலக்குவதோடு நிற்கவில்லை, தன் மீதான வெளிக்கட்டுப்பாட்டையும் உதறுகிறது என்றே நான் முடிவு செய்கிறேன்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

வட அயர்லாந்து? பிரிட்டனின் பகுதி, ஆகவே நேட்டோவுக்குள்.

அணிசேரா இயக்கத்தில் அயர்லாந்து உண்டா? இல்லை.

ஷானன் விமான நிலையத்தில் அமெரிக்கப் படையினர் இறங்கிச் செல்கிறார்களே? ஆம். இராக் போரின்போது 2003-ல் வழக்கே நடந்தது. சர்வதேச வழக்காற்றுச் சட்டப்படி நடுநிலை நாடு இதை அனுமதிக்கக் கூடாது என்று ஏற்ற நீதிமன்றம், அரசின் முடிவில் தலையிட மறுத்தது.

யாராவது தாக்கினால்? போர் விமானம் ஒன்றுகூட அயர்லாந்திடம் இல்லை.

அரசமைப்பு என்னதான் தடுக்கிறது? ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுப் பாதுகாப்பில் சேர்வதைத் தடுக்கிறது. போரில் இறங்கக் கீழவையின் சம்மதம் வேண்டும் என்கிறது. நேட்டோவின் பெயர் அதில் எங்கும் இல்லை.